கனவும் உழைப்பும்: ‘ஒன் ஃபயர்’ இசைத்தொகுதி பற்றிய ஒரு நோக்கு

கனவுத்தன்மை வாய்ந்த கலையாக்கங்களை மதிப்பிடுமிடத்து, முற்போக்கு விமர்சனம் தன் தீர்ப்பினை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதுண்டு. யதார்த்தத்திலிருந்து விலகுவது யாவும் தப்பியோடும் மனோபாவமே என்பது அத்தீர்ப்பு. நாமும் அதனைப் பல சந்தர்ப்பங்களில் வழங்கியிருக்கின்றோம். ஆயினும், 1937இல் வெளிவந்த ‘மாயையும் யதார்த்தமும்’ என்னும் நூலிற் கவிதையைக் கனவோடு ஒப்பிட்டு ஆராய்ந்த கிறிஸ்தோபர் கோட்வெல், கனவு தனியாளுக்குரியது, கவிதையோ சமூகத்திற்குரியது என வேறுபடுத்திக் காட்டினார். இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு றொக் இசைத்தொகுதி ஒன்றினைச் செவிமடுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘கலக்சி 500’ என்னும் குழு 1987இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்ப்புறத்தில் உருவாயிற்று. பாடகரும் கிற்றார் கலைஞருமான டீன் வெயர்ஹம், பேஸ் கிற்றார் இசைக்கும் நயோமி யாங், தாளக் கலைஞர் டேமன் குருக்கோவ்ஸ்கி ஆகிய மூவரும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர்கள். இவர்களது இரண்டாவது தொகுதியாகிய ‘ஒன் ஃபயர்’, பெருநிறுவனங்களைச் சாராத றஃப் ட்றேட் வெளியீடாக 1989இல் வந்தது. நியூயோர்க்கில் அதனை ஒலிப்பதிவு செய்தவர் கிரேமர்.

இதன் இசை எளிமையானது. இரண்டு மூன்று சுரக்கூட்டுகளே ஒரு பாடல் முழுவதிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. எதிரொலியில் தோய்ந்த கிற்றாரும், உச்சத்தில் மெலிந்து தளும்பும் குரலும் தூரத்திலிருந்து வருவன போலக் கேட்கின்றன. தாளம் மெதுவானது, விரைவுபடுத்துவதற்கு எதுவுமில்லை என்பது போன்றது. ‘லீவ் த பிளனற்’ என்ற பாடலின் தலைப்பே பூமியை விட்டகலுமாறு கூறுகின்றது. தப்பியோட்டம் என்ற தீர்ப்புக்கு இவையே போதுமான சான்றுகள் எனத் தோன்றலாம்.

ஆனால், ‘ஸ்ட்றேஞ்ச்’ என்ற பாடல் நம்மைத் தயங்கவைக்கின்றது. அதிற் கனவுலகம் எதுவுமில்லை. தனியே கடைக்குச் சென்ற ஒருவன் தின்பண்டத்தைத் தின்றவாறு வரிசையிற் காத்துநிற்கின்றான். சுற்றியுள்ள மனிதர் அவனுக்கு விசித்திரமாகத் தெரிகின்றனர். அன்றாடக் கொள்வனவே கனவுபோல அந்நியப்பட்டுப் போகின்றது. அவ்வாறாயின் இவ்விசையின் மயக்கம் யதார்த்தத்திற்கு அப்பாற்பட்டதன்று. நுகர்பொருட் சமுதாயத்தின் யதார்த்தம் தனிமனித அனுபவத்திற் கொள்ளும் வடிவமே அது. ஆயினும், வரிசையில் நிற்கும் ஏனையோரும் அவ்வாறே தனித்திருக்கக்கூடும் என்பதனை அவன் உணர்வதில்லை. உள்ளடக்கத்தின் எல்லை இதுவே.

உருவமோ இவ்வெல்லையைக் கடந்து நிற்கின்றது. வழமையாக அடித்தளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பேஸ் கிற்றார், இங்கு மேற்சுரங்களில் ஏறி இராகத்தினைத் தானே சுமந்து செல்கின்றது. தாளமும் பின்னணியாக நின்றுவிடாது குரலுக்கு மறுமொழி கூறுகின்றது. மூவருள் எவரை நீக்கினும் பாடல் குலைந்துவிடும். பாடலின் சொற்கள் அறியாத கூட்டுணர்வினை அதன் ஆக்கமுறை அறிந்திருந்தது எனலாம்.

எனினும், ஆக்கமுறையில் நிலவும் கூட்டுணர்வு உற்பத்தி உறவுகளை மாற்றிவிடுவதில்லை. 1991இல் வெயர்ஹம் விலகக் குழு கலைந்தது; அவ்வாண்டிலேயே றஃப் ட்றேட்டும் வீழ்ச்சியுற்றது. மூல ஒலிநாடாக்களைக் குருக்கோவ்ஸ்கி ஏலத்தில் வாங்கியே மீட்க வேண்டியிருந்தது. தமது உழைப்பின் விளைவைத் தாமே விலைகொடுத்துப் பெறும் நிலை இது. முதல் தொகுதியில் இடம்பெற்ற ‘ரக்போட்’ பாடல் ஒரு காலாண்டில் பண்டோரா இணைய வானொலியில் 7,800 தடவைகள் ஒலித்தமைக்கு மூவருக்குமாகக் கிடைத்த ஆக்கவுரிமைப் பணம் 21 சதம், ஆளுக்கு ஏழு சதம், என அவர் 2012இல் எழுதினார். சமமாகப் பகிரும் பண்பு எஞ்சியிருந்தது. பகிர்வதற்குப் பொருள்தான் எஞ்சவில்லை.

பின்னர், இணைய இசை நிறுவனங்களிடம் நியாயமான ஊதியம் கோரி 2020இல் உருவான இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தில் இணைந்து செயற்பட்டவர்களுள் அவரும் ஒருவர். இது ‘ஒன் ஃபயர்’ தொகுதியைப் புரட்சிகர ஆக்கமாக்கிவிடாது. அவ்வாறு கூறுவது வரட்டுவாதத்தின் மறுபக்கமேயாகும். ஆயின், கனவை வெறும் தப்பியோட்டம் எனத் தள்ளிவிடும் விமர்சனம், அக்கனவினை உருவாக்கிய உழைப்பினையும் சேர்த்தே தள்ளிவிடுகின்றது. இத்தவறு நம்முடையதாகவும் இருந்துள்ளது. கலைஞன் என்ன கனவு காண்கின்றான் என்ற வினாவோடு, அதனை யாருடன் சேர்ந்து, எத்தகைய உறவுகளினுள் நின்று காண்கின்றான் என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.