பக்கத்து வீட்டில் இன்னொரு தமிழ்க் குடும்பம்: ‘தீபன்’ படத்தைச் சேரியிலிருந்து பார்த்தல்

1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து அய்ரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன தமிழர்கள் எழுதியதைப் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்று பெயரிட்டு நாம் வாசித்து வருகிறோம். பனி, அகதி விண்ணப்பம், ஓட்டலில் கோப்பை கழுவுவது, ஊர் நினைவு என்று அதற்கென்று ஒரு சொல்லாடலே உருவாகிவிட்டது. இந்தச் சொல்லாடலில் வருகிற ‘ஊர்’ யாருடைய ஊர் என்கிற கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்டதில்லை. ஊர் என்றால் அதற்கு வெளியே ஒரு சேரி இருக்கும். சேரியிலிருந்து போனவனுக்கு ஊர் நினைவு வெறும் ஏக்கமாக மட்டும் எப்படி இருக்க முடியும்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ‘தீபன்’ படத்தை நான் பார்க்கிறேன். பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் எடுத்த படம். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. எழுத்தாளர் ஷோபாசக்தி தீபனாகவும், நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும் நடித்திருக்கிறார்கள். பேச்சில் பெரும்பகுதி தமிழ். படத்தைப் பற்றி நம்மவர்கள் பேசியதெல்லாம் விருதையும் போரையும் சுற்றியே இருந்தது. ஒரு குடும்பம் வெளிநாட்டு நகரம் ஒன்றில் சமைத்து, கூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி அன்றாடம் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் படத்தின் உயிர். அதைப் பற்றிப் பேச்சு குறைவு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோற்றுப்போன போரிலிருந்து ஒரு போராளி வெளியேறுகிறான். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட் கிடைக்கிறது. அதற்கு ஒரு மனைவி வேண்டும், ஒரு மகள் வேண்டும். அகதி முகாமில் யாழினி என்கிற பெண் தாயில்லாத ஒரு சிறுமியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் காகிதத்தில் குடும்பமாகி பிரான்சுக்குப் போகிறார்கள். பாரிசின் புறநகரில், போதைப்பொருள் விற்கிற கும்பல்களின் கையில் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தீபனுக்குக் காவல்காரன் வேலை கிடைக்கிறது. மாடிப்படி கூட்ட வேண்டும், குப்பை அள்ள வேண்டும், கடிதங்களைப் பெட்டியில் போட வேண்டும். யாழினி அங்கே நோயாளி ஒருவர் வீட்டில் சமைத்துத் துடைக்கிற வேலைக்குப் போகிறாள். சிறுமி இளையாள் பள்ளிக்குப் போகிறாள்.

இந்தக் குடும்பம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. ஒருவர் சாதி ஒருவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று பேருமே நினைக்கவில்லை. ஒரே அறையில் படுக்கிறார்கள், ஒரே சட்டியில் தின்கிறார்கள், கடைசியில் உண்மையாகவே புருசன் பெண்சாதி ஆகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கடலூர் மாவட்டத்திலோ இது நடக்க வேண்டுமானால் எத்தனை பேர் வெட்டுப்பட வேண்டும்? விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் முருகேசன் – கண்ணகி வாயில் விஷம் ஊற்றிக் கொன்ற மாவட்டம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு இந்தப் பொய்க் குடும்பத்தைப் பார்க்கிறபோது, தமிழ் சினிமா இதுவரை துணியாத ஒரு கலப்பு மணத்தை இந்தப் படம் தன்னையறியாமல் நடத்தி வைத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

‘தன்னையறியாமல்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓதியாருக்குத் தமிழ் தெரியாது. 1721இல் மொந்தெஸ்கியூ எழுதிய ‘பாரசீகக் கடிதங்கள்’ நூலைப்போல, அயலான் கண்ணால் பிரான்சைப் பார்ப்பது அவருடைய ஆரம்ப எண்ணம். ஆகவே அவருடைய கேமரா இந்த மூவரையும் ‘தமிழர்’ என்று மட்டும் பார்க்கிறது. வெள்ளைக்காரன் கண்ணுக்கு நாமெல்லாரும் ஒரே கறுப்பு. இந்தக் குருட்டுத்தனம் ஒருவகையில் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது.

துடைப்பத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் தீபன் கையில் துடைப்பம் வந்ததும் அவனுக்கு ஒரு வீடும் வேலையும் மரியாதையும் வருகின்றன. கூட்டுவது அங்கே ஒரு வேலை. எட்டு மணி நேரம் செய்துவிட்டுக் கை கழுவினால் முடிந்துவிடுகிறது. நம்மூரில் துடைப்பம் பிறப்பிலேயே கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவன் எந்தத் தெருக்காரன் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆகவே தீபன் மாடிப்படி கூட்டுகிற காட்சியைப் பார்த்து ‘அய்யோ, ஒரு போராளிக்கு இந்த நிலைமையா’ என்று உச்சுக்கொட்டுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அந்த உச்சுக்கொட்டலுக்குள் ஒரு சாதி இருக்கிறது. கூட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் வேறே யாரோ இருக்கிறார்கள் என்கிற எண்ணம் அது.

சமையலும் அப்படித்தான். யாழினி சமைத்ததை அந்த நோயாளி சாப்பிடுகிறார். நீ யார், உன் கையால் சாப்பிடலாமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற போதைக் கும்பல் நடமாடுகிற வீட்டில் யாழினியின் சோற்றுக்கு இருக்கிற மரியாதை, நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணின் சோற்றுக்கு இல்லை.

இளையாள் வருகிற காட்சிகள்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தன. அவள்தான் முதலில் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறாள். பெரியவர்களுக்குப் புரியாததை அவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதபோது அடித்துவிடுகிறாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களைப்போல முத்தம் கொடு என்று யாழினியிடம் கேட்கிறாள். முதல் தலைமுறையாகப் படிக்கப் போன நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரிந்த கதை. ரேஷன் கடைக் காகிதத்தையும் தாலுகா ஆபீஸ் கடிதத்தையும் அப்பனுக்கும் ஆயாவுக்கும் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் நாங்கள். பாரிசுக்குப் போகாமலேயே, சேரியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்த அரைமைல் தூரத்தில் அயல்நாட்டுக்குப் போய் வந்தவர்கள்.

இதுவரை சொன்னது படத்தின் பலம். அதன் பெரிய பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் குடியிருப்பில் தீபன் வீட்டைத் தவிர வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. பக்கத்துக் கதவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்திருந்தால்? வந்த மறுநாளே ஒரு அம்மா கதவைத் தட்டியிருப்பாள். ‘நீங்கள் எவடம்?’ என்று கேட்டிருப்பாள். ஊர் பேர் சொன்னதும் அதில் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, யாருடைய ஆட்கள் என்று கேள்வி இறங்கிக்கொண்டே போயிருக்கும். பிரெஞ்சு அரசாங்க அதிகாரியிடம் தப்பிய பொய்ப் பாஸ்போர்ட், அந்த அம்மாவிடம் அஞ்சு நிமிசத்தில் கிழிந்திருக்கும். இந்தக் கதவுத் தட்டலைப் படம் காட்டவில்லை. காட்ட அதற்குத் தெரியாது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்க மேல்பட்டாம்பாக்கம் காலனியிலேர்ந்து கல்யாணம் கட்டிகினு சிங்கப்பூர் போன பொண்ணு ஒண்ணு எனக்கு உறவு. புருசன் கம்பெனி வேலை, அடுக்குமாடி வீடு, புள்ள ஸ்கூலுக்குப் போவுது. ஒரு தடவ வந்திருந்தப்போ சொல்லிச்சி: “சீனாக்காரி கேக்கலண்ணே, மலாய்க்காரி கேக்கல. எதிர்வூட்டுத் தமிழம்மாதான் கேட்டுச்சி. எந்தூருன்னுச்சி. சொன்னேன். ஊருக்குள்ளயா வெளியவான்னுச்சி. அதுக்கப்புறம் குடுத்த கிண்ணம் திரும்பி வரல.” அன்னிக்கு ஹால்ல மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தை எடுத்துப் படுக்கற ரூமுல வெச்சிட்டாங்க. மாட்டுக்கறி வாங்க அங்க எந்தத் தடையும் கெடையாது. ஆனா கொழம்பு கொதிக்கறப்போ ஜன்னலைச் சாத்தறாங்க. புள்ளைக்கு ‘நாம கடலூரு’ன்னு மட்டும் சொல்லிக் குடுத்திருக்காங்க. வெளிநாட்டில் ஒரு தலித் குடும்பத்தின் அன்றாடம் என்பது இதுதான். கிண்ணம், ஜன்னல், படம் மாட்டுகிற சுவர். இதில் துப்பாக்கிச் சத்தம் இல்லை என்பதால் இது சினிமாவாகாது போலிருக்கிறது.

இது சிங்கப்பூரோடு நிற்கிற சங்கதியும் இல்லை. இந்துக்கள் உலகமெங்கும் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்கிற எச்சரிக்கையை, கேட்கரை மேற்கோள் காட்டி, 1916இல் நியூயார்க்கில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் வைத்தார். 2020இல் கலிபோர்னியாவில், சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததென்று அந்த மாநில அரசே வழக்குப் போட்டது. 2023இல் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். நம்மாள்கள் விமானத்தில் போகும்போது பெட்டியோடு எதைக் கொண்டுபோகிறார்கள் என்று வெள்ளைக்காரர்களே விளங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். தமிழ் விமர்சகர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் கடல் கடந்து முதலில் போனவர்களில் நம் ஜனங்கள் பெரும் கூட்டம். சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் காலக் கப்பல் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. பெயர் மாற்றி அந்தக் கட்டத்திலிருந்து தப்பப் பார்த்தவர்களும் உண்டு. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ், இந்துச் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நிறையப் பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சைகோனுக்கும் பிறகு பாரிசுக்கும் போனார்கள். செத்தவன் பெயரில் தீபன் பாரிசுக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, பெயரை மாற்றிக்கொண்டு மனுசனாகப் பார்த்த தமிழர்கள் அங்கே போயிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் அன்றாடத்தை யார் எழுதினார்கள்?

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். திருச்சபைக்குள் சாதி இருக்கலாம் என்ற லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் ஓக்ஸ், 1860களில் வந்து பணி தொடங்கிய இடம் எங்கள் மேல்பட்டாம்பாக்கம். ஆக, வெளிநாட்டுக்காரனுக்கு நம் சாதி கண்ணில் படாது என்றும் சட்டம் இல்லை. பார்க்க மனம் வேண்டும்.

பக்கத்தில் இருக்கிற நெய்வேலியையும் இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். 1956இல் நிறுவனம் தொடங்கி, சுற்றியிருந்த கிராமங்களைக் காலிசெய்து கட்டிய நகரியம் அது. தெருவுக்குப் பதில் வட்டம், சாதிக்குப் பதில் வேலைத் தரம் பார்த்துக் குவார்ட்டர்ஸ். இடஒதுக்கீட்டில் வேலை கிடைத்து அங்கே குடிபோன சேரிக் குடும்பத்துக்கு அது வெளிநாட்டு நகரந்தான். குழாயைத் திறந்தால் யாரிடமும் கேட்காமல் தண்ணீர் வந்தது. ஆனாலும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ‘சாருக்கு எந்தப் பக்கம்?’ என்று கேட்காமல் விட்டாரா? தண்ணீர்க் குழாயை மாற்ற முடிந்த நகரத்தால் அந்தக் கேள்வியை மாற்ற முடியவில்லை.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். கும்பல்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக் கோடு போட்டு, இதைத் தாண்டிச் சுடாதே என்கிறான் தீபன். 2009இல் வன்னியில் அறிவிக்கப்பட்ட ‘பாதுகாப்பு வலய’த்தை நினைவூட்டுகிற நல்ல காட்சி. ஆனால் அதற்குப் பிறகு படம் சண்டைப் படமாகிவிடுகிறது. அவ்வளவு பொறுமையாகக் கட்டிய அன்றாடத்தை, புகைக்குள் நடந்து சுட்டு முடிக்கிற ஒரு வீரனுக்குப் பலிகொடுத்துவிடுகிறார் ஓதியார். பிறகு இங்கிலாந்து, பச்சைப் புல்வெளி, கையில் குழந்தை. அந்தப் புல்வெளியில் ஒரு விருந்துக்கு நாலு தமிழர்கள் வந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன சாதி என்று கேட்பார்களே, அப்போது தீபன் என்ன சொல்வான்? என்னைப் பொறுத்தவரை கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கதையை பிரெஞ்சுக்காரர் எடுப்பார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பஞ்சமர் வாழ்க்கையை கே. டானியல் எழுதினார். பிரான்சில் இருந்துகொண்டு சாதியை விடாமல் பேசி வருகிறார் ஷோபாசக்தி. அது போதாது. துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் நம் பெண்கள் இருக்கிறார்கள். திரும்பி வராத கிண்ணத்தைப் பற்றி அவர்கள் எழுத வேண்டும். இலக்கணம் சரியா, நடை சரியா என்று பார்க்க வேண்டாம். அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதட்டும். போட நமக்குப் பத்திரிகை இருக்கிறது.