வெண்கல நிறம் பூசிய பிசின்

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரைக் கொழும்பில் நடைபெற்ற சிற்பக் கண்காட்சியொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே வலை இழுக்கும் மீனவன் ஒருவனின் உருவம் இருந்தது. முறுக்கேறிய தோள், வளைந்த முதுகு, பழைய வெண்கலத்தின் கருமை. உழைப்பின் பெருமையை உணர்ந்த ஒருவரே இதனைச் செய்திருக்க முடியும் என்று மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களுள் ஒருவன் விரலை மடக்கி அந்த முதுகில் மெல்லத் தட்டினான். உலோகத்தின் நாதம் எழவில்லை. வெறும் பெட்டியைத் தட்டிய ஓசையே எழுந்தது. “சேர், இது பொய்தானே?” என்றான்.

அவன் வினாவுக்கு அப்போது தக்க விடை என்னிடம் இருக்கவில்லை. சிற்பம் ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினால் ஆனது.

பிசின் நமது சிற்பக் கலைக்குப் புதியதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்தே படிமத்தின் மூல உருவை வனைவர். அதன்மேல் மண் பூசிச் சூடேற்ற, மெழுகும் குங்கிலியமும் உருகி வடியும். எஞ்சிய வெற்றிடத்தில் உலோகம் புகும். பண்டைய பிசின் தான் அழிந்து பிறிதொன்றுக்கு இடம் விட்டது. இன்றைய பிசினோ தானே சிற்பமாக நிற்கிறது. பெற்றோலிய இரசாயனத் தொழிலில் பிறந்த பொலியெஸ்டர் ரெசினைக் கண்ணாடி இழையோடு சேர்த்து அச்சினுள் படைபடையாகப் பூசி, இறுகச் செய்யும் திரவமும் கலந்துவிட்டால், சில மணி நேரத்தில் உருவம் கெட்டியாகிவிடும்.

இதனை மலிவுச் சரக்கு என்று இகழும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெண்கலம் வார்க்க உலை வேண்டும். உலையை மூட்டப் பொருள் வேண்டும். பொருள் தர அரசனோ ஆலயமோ அரசாங்கமோ வேண்டும். வாடகை அறையில் வாழும் கலைஞன் யாரிடம் போவான்? சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் ‘சாந்தால் குடும்பம்’ என்ற பெருஞ்சிற்பத்தைச் சீமெந்தாலும் செம்புரைக் கற்களாலும் ஆக்கினார். இடம்பெயர்ந்து செல்லும் உழைப்பாளிக் குடும்பத்துக்கு அந்தக் கரடுமுரடான பொருளே பொருந்திற்று. ஆயின் ஒன்று மனங்கொள்ளத்தக்கது: அவர் சீமெந்துக்கு வெண்கல நிறம் பூசவில்லை.

பிசினிலும் அத்தகைய நேர்மை இயலும். ஆந்திரத்து ரவீந்தர் ரெட்டி கண்ணாடி இழையில் செய்த பிரமாண்டமான பெண் தலைகளைப் பாருங்கள். விழித்த கண்கள், கொண்டையில் பூ, பளபளக்கும் வண்ணமும் பொன்பூச்சும். கோயில் சிலையின் கம்பீரமும் கடைத்தெருவின் பகட்டும் அவற்றில் ஒருங்கே உள்ளன. அந்தப் பளபளப்புக்குப் பிசினே தக்க பொருள். நாஜிகளுக்குத் தப்பி நியூயோர்க்கில் வாழ்ந்து 1970இல் தமது 34ஆம் வயதில் மறைந்த ஏவா ஹெஸ்ஸே வேறொரு வழி சென்றார். கன்பராவிலுள்ள அவரது 1969ஆம் ஆண்டுப் படைப்பில், மெல்லிய துணியில் பூசிய இறப்பர்ப் பாலும் கண்ணாடி இழை கலந்த ரெசினும் எட்டுத் தொங்கல்களாய் நிற்கின்றன. இறப்பர் காலத்தால் நிறம் மாறும், நொறுங்கும். இறப்பர் மரத்தைச் சீவும் நம் தொழிலாளி எவரும் இதனைச் சொல்லிவிடுவார்! அழியும் பொருளை அழியாததென்று காட்ட ஹெஸ்ஸே முயலவில்லை.

இனிப் பொருளின் விலை. அது கடைச்சீட்டில் உள்ளது மட்டுமன்று. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் சேர்த்தது. பிரெஞ்சுச் சிற்பி நிக்கி து சான் ஃபால் தமது நுரையீரல் கெட்டதற்குப் பொலியெஸ்டர் வேலையையே காரணமாகக் கூறிவந்தார். அவராவது பெயர் பெற்றார். சிற்பியின் பட்டறையில் கண்ணாடி இழையை அராவும் கூலியாளின் பெயர் எந்தக் கண்காட்சிக் கையேட்டிலும் அச்சாவதில்லை.

கல்கிசையில் வாழும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் சரக்கில் இபொக்சி ரெசின் இருந்தது. 1600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. அம்மணிகள் மேற்குக் கரையெங்கும் வெண்மணலாய்ப் படிந்தன. கடற்றொழில் தடைசெய்யப்பட்டது, வள்ளங்கள் கரையில் கிடந்தன. வலை இழுப்பவனின் கடலை மூடிய அதே இனப் பொருளில் அவனுடைய உருவத்தை வார்த்திருக்கிறார் நமது சிற்பி. எவ்வளவு கூர்மையான கலையாக அது அமைந்திருக்கக்கூடும்! ஆனால் அவரோ அப்பொருளை நாணத்தோடு மறைத்து, வெண்கலமென்று நம்மை நம்பச் செய்கிறார். உருவம் மீனவனுடையது, பூச்சு, வெண்கலம் வாங்க வசதியுள்ளவரின் வரவேற்பறைக்குரியது. சிற்பி இளைஞர், திறமைசாலி. அதனாலேயே இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுவாரம் தனியே மீண்டும் சென்றேன். சிற்பத்தின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு திறப்பு. உள்ளே பூச்சுப் படாத பிசின், தேன் நிறத்தில், கண்ணாடி இழைகள் நரம்புகளைப்போல் ஓட, சாளரத்து ஒளியைச் சிறிது உள்வாங்கி நின்றது. அந்தப் பக்கத்தைத்தான் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள்.