நாலு தந்தியா, ஐந்து தந்தியா: மெல்லிசை மேடையில் பேஸ் கிடார் தேர்வு

தமிழ் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடாருக்கு இரண்டு வேலைகள். தாளக் கருவிகளோடு ஒட்டி நின்று ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுப்பது ஒன்று. பாட்டின் மெட்டுக்கு அடியில் தனக்கென்று இன்னொரு மெட்டை ஓட்டுவது மற்றொன்று. பெரும்பாலான ராக், பாப் குழுக்களுக்கு முதல் வேலையே போதும். தமிழ்நாட்டில் அது போதாமல் போனதற்கு முக்கியக் காரணம் இளையராஜா. எம்.எஸ். விஸ்வநாதன் காலத்து இசைக்குழுக்களிலேயே டபுள் பேஸ் இருந்தது. ஆனால் 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்ததற்குப் பிந்தைய பத்தாண்டுகளில்தான், சசிதரனின் விரல்கள் வழியாக, பேஸ் வரி பாட்டின் இரண்டாவது குரலாக மாறியது. 'மூடுபனி' (1980), 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) போன்ற படங்களின் பாடல்களில் பேஸ் வரியைத் தனியே எடுத்து முணுமுணுக்க முடியும். மேடையில் அந்த வரி காணாமல் போனால், பாட்டில் ஏதோ குறைகிறது என்பது இசை படிக்காதவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. இங்கே பேஸ் கிடாரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் வரி கூட்டத்தின் கடைசி வரிசைவரை ஸ்வரமாகப் போய்ச் சேருமா, வெறும் அதிர்வாக நின்றுவிடுமா என்பதே.

இந்தக் கேள்விக்கான விடையில் பாதி, மேடையில் இருக்கிறது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊரில் திருவிழா மேடை திறந்தவெளியில்தான் அமையும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு வருபவர்களோடு, பதினான்கு கிலோமீட்டர் சுற்றை நடந்துகொண்டிருப்பவர்களும் போகிற போக்கில் கேட்பார்கள். அரங்கச் சுவர்கள் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பி வலுவூட்டும். திறந்தவெளியில் அந்த உதவி இல்லை. நாலு தந்தி பேஸின் அடித்தந்தி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலையின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். கூம்பு ஒலிபெருக்கி இருநூறு முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. சாதாரண சவுண்ட் சர்வீஸ் பாக்ஸும் ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸை நெருங்கும்போதே தளர ஆரம்பிக்கிறது. அப்படியிருந்தும் பேஸ் ஸ்வரம் நமக்குக் கேட்கிறது என்றால் அது காதின் திறமை: அடிப்படை ஒலி வராவிட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளை வைத்து ஸ்வரம் எது என்று காது கணித்துக்கொள்கிறது. இத்தகைய மேடையில் பேஸின் 'அடி' எவ்வளவு ஆழம் என்பதைவிட, 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதன் நடுப்பகுதி எவ்வளவு திடமாக இருக்கிறது என்பதே முக்கியம்.

நடுப்பகுதி என்று வரும்போது பழைய வடிவங்களில் முதலாவதே இன்னும் வலுவாக நிற்கிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1957-இல் இரு துண்டாகப் பிரிந்த பிக்கப்பைப் பெற்றது. அதிலிருந்து அதன் ஒலி பெரிதாக மாறவில்லை. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. அதன் தடித்த நடுவொலி தபலாவின் இடது பக்கம், டோலக், டிரம் பேட் என எல்லாம் கீழ்ப்பகுதியில் முட்டி மோதும் தமிழ்க் குழுவிலும் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. குறை, அதற்கு ஒரே முகம்தான் உண்டு. வேகமான வரிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக உதிர வேண்டிய இடத்தில் அது சற்றுக் கனத்துப் போகும்.

1960-இல் வந்த ஜாஸ் பேஸ் அந்த இடத்தை நிரப்புகிறது. கழுத்து ஒடுக்கம், பிக்கப் இரண்டு. பாலத்துக்கு அருகிலுள்ள பிக்கப்பைக் கூட்டினால் ஸ்வரத்தின் விளிம்பு துல்லியமாகிறது. இளையராஜா பாணி ஓட்ட வரிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் வீட்டில் இனிமையாகத் தோன்றும் அமைப்பு, அதாவது இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்துவைப்பது, மேடையில் ஏமாற்றும். அப்போது நடுப்பகுதி குழிந்துவிடும். கீபோர்டு பரப்பும் நீண்ட ஒலிப் போர்வைக்குள் பேஸ் மறைந்துபோகும். ஒரு பிக்கப்பைக் கொஞ்சம் குறைப்பதே வழி. அங்கேதான் வேறு சிக்கல் தொடங்குகிறது.

சிக்கலின் பெயர் இரைச்சல். ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் கொண்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்வரை ஒன்றின் இரைச்சலை மற்றொன்று ரத்து செய்யும். ஒன்றைக் குறைத்ததும் அந்தச் சமநிலை கலைகிறது. சீரியல் செட் விளக்கு, டிம்மர், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு நடுவே நிற்கும் கோயில் மேடையில் இது சின்ன விஷயமல்ல. நம் மின்சாரத்தின் அதிர்வு 50 ஹெர்ட்ஸ். பெண் குரலுக்கு வழக்கமான ஐந்து கட்டையின் கீழ் ஸட்ஜம் பேஸ் கிடாரில் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி வீங்கி வடியும். சுருதி சுத்தமாக இருந்தும் ஏதோ கலைந்தது போலத் தோன்றும் கச்சேரிகளில் பழியைப் பாடகர் மீது போடும் முன் பேஸின் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கலாம். பிரிசிஷனின் பிரிந்த பிக்கப் இயல்பிலேயே இரைச்சலை அடக்குவது. ஜாஸ் வடிவத்தையே விரும்புபவர் அதே அளவில் கிடைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பொருத்திக்கொள்ளலாம். பழைய ஒலி வேண்டும் என்ற பிடிவாதம் திருவிழா மேடையில் செல்லாது.

1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, கிடாருக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப்பை வைத்துப் பரவலாக்கியது. இத்தகைய ஆக்டிவ் பேஸ், மிக்ஸர் தொலைவில் இருந்தாலும் நீண்ட கம்பியில் கூர்மை இழக்காமல் ஒலியைக் கொண்டுசேர்க்கும். டி.ஐ. பாக்ஸ் ஒன்று இருந்தால் பாஸிவ் கிடாரும் இதைச் செய்துவிடும் என்பது வேறு. ஆக்டிவின் ஆபத்து கையில் இருக்கும் குமிழ்கள்தான். 'பேஸ்' குமிழை முழுக்கத் திருகிவிட்டு, பாக்ஸ் தர முடியாத ஆழத்தை அதனிடம் கேட்பது பரவலான பழக்கம். ஆம்ப்ளிஃபயரின் சக்தி அதில் வீணாகிறது. ஸ்வரம் மேலும் மங்குகிறது. பேட்டரி தீர்ந்தால் ஒலி சிதறி, பிறகு நின்றே போகும். கம்பியைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி கரையும்.

இனி தந்திக் கணக்கு. 1980-களில் சிந்தசைசர் பேஸ் நாலு தந்தியின் எல்லைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், அதை எட்டிப்பிடிக்க உலகெங்கும் ஐந்து தந்தி பேஸ் பரவியது. தமிழில் 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு சிந்தசைசர் ஒலி திரையிசையின் அன்றாடமானது. அந்தப் பாடல்களை மேடையேற்றும் குழுக்களுக்கு ஐந்தாவது தந்தி தேவையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஏழு கட்டையாகச் சுருதி கூட்டப்படும் அந்தத் தந்தி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

இதன் நன்மை யாருக்கு என்பதைக் கட்டைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். நாலு தந்தியின் அடித்தந்தி மூன்று கட்டை. ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அதே தந்தியின் மூன்றாவது, நாலாவது ஃப்ரெட்டில் கீழ் ஸட்ஜம் கிடைத்துவிடுகிறது. ஐந்தாவது தந்திக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு கட்டை, இரண்டு கட்டையில் பாடும் ஆண் குரலுக்குத்தான் பள்ளம்: ஸட்ஜம் அடித்தந்திக்குக் கீழே போய்விடுவதால் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டையில் அது 65 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் 33 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆக, ஐந்தாவது தந்தி உண்மையில் ஆண் பாடகரின் தந்தி. அதுவும் ஸப்-வூஃபர் வைத்திருக்கும் பெரிய மேடையில் மட்டும். முன்பு சொன்ன சாதாரண பாக்ஸில் 33 ஹெர்ட்ஸ் ஒலிக்காது. அதன் இரண்டாவது மடங்கான 65 ஹெர்ட்ஸ்தான் காதுக்கு வரும். நாலு தந்தியில் வாசித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்குத் தெரியும்; இருபது வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது சந்தேகம்.

அதே தந்திக்கு இன்னொரு பயன் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. மெல்லிசை மேடையில் ஒரே பாட்டு பாடகருக்குப் பாடகர் அரைக் கட்டை, ஒரு கட்டை ஏறி இறங்கும். திறந்த தந்தியை நம்பி விரல் அமைத்தவர் அந்த நேரத்தில் தடுமாறுவார். ஐந்து தந்தியில் கழுத்தின் நடுப்பகுதியிலேயே கையை வைத்து, அதே விரலமைப்பைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ள முடிகிறது. ஒத்திகை இல்லாமல் மேடையேறும் குழுக்களுக்கு இது பெரிய சௌகரியம். விலையும் உண்டு: கழுத்து அகலம், எடை கூடுதல், அடித்தந்தி தளர்ந்து தொளதொளத்தல். 34 அங்குல நீளத்தில் அந்தத் தந்தியை இறுக்கமாக ஒலிக்கச் செய்வது மலிவான கருவிகளால் பெரும்பாலும் முடிவதில்லை. சில தயாரிப்பாளர்கள் 35 அங்குலம் வரை போவது இதனால்தான். போதாக்குறைக்கு, வாசிக்காதபோதும் மற்றத் தந்திகளின் அதிர்வில் அது தானாக முனகும். கட்டைவிரலை அதன்மேல் ஊன்றி அடக்கக் கற்காதவர் கையில் ஐந்தாவது தந்தி ஓயாத ரீங்காரம். பழைய பாடல்களே பெரும்பகுதியாக உள்ள குழுவுக்கு நல்ல நாலு தந்தியே மேல். புதிய பாடல்களும் பெரிய ஒலியமைப்பும் உறுதி என்றால் ஐந்து.

ஃப்ரெட் இல்லாத பேஸ் கர்நாடக இசைக்கு இயல்பான துணை என்ற எண்ணம் ஃப்யூஷன் மேடைகளில் நிலவுகிறது. வயலினிலும் சித்ரவீணையிலும் ஃப்ரெட் இல்லை, கமகம் வழுக்கிக்கொண்டு வருகிறது. பேஸிலும் அப்படியே வரும் என்பது வாதம். 1976-இல் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் முதல் இசைத்தொகுப்பில் அந்தக் கருவியைப் பாட வைத்த விதம் இந்த ஆசைக்குத் தீனி. ஆனால் தாழ்ந்த ஸ்தாயியில் அசையும் கமகம் எளிதில் சேறாகிவிடும். பாடகர் காந்தாரத்தை அசைக்கும்போது பேஸும் அசைந்தால், அசைவுக்கு ஆதாரமாக நிற்க வேண்டியது யார்? ஆலாபனைக்கு அடியில் நீண்ட ஸட்ஜம், பஞ்சமம், இடையில் ஒன்றிரண்டு ஜாரு. அதன் அழகு அத்தோடு முடிகிறது. ஸ்வரத் துல்லியமும் கஷ்டம்: கழுத்தின் தொடக்கத்தில் அரை ஸ்வர இடைவெளி ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்; விரல் அரை சென்டிமீட்டர் விலகினால் அந்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு சுருதி பிசகும். அருகில் பிசகாத சுருதியில் கீபோர்டு நிற்கும்போது அது கேட்கும். இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே கருவியாக வாங்குவது துணிச்சல்.

பால் மெக்கார்ட்னியால் பெயர்பெற்ற ஹோஃப்னர் வயலின் வடிவம் போன்ற 30 அங்குலக் கருவிகள் சிறுவர்களுக்கும் சின்னக் கைகளுக்கும் ஏற்றவை. ஒலி உருண்டையாக, சீக்கிரம் அடங்குவதாக இருக்கும். அறுபதுகளின் பாடல்களுக்குப் பொருந்தும், குத்துப்பாட்டுக்குத் தாங்காது.

கடைசியாகத் தந்தியின் வகை. உருளைச் சுற்றுத் தந்தி பளிச்சென்று ஒலிக்கும். வியர்வையும் வெயிலும் சேர்ந்து அந்தப் பளிச்சை விரைவில் தின்றுவிடும். தட்டைச் சுற்றுத் தந்தி தொடக்கத்திலேயே மங்கலாக, டபுள் பேஸை நினைவூட்டும் விதமாக ஒலிக்கும்; பல ஆண்டுகள் உழைக்கும். மோடவுன் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸில் கட்டியிருந்தது இந்த வகையே. கையிலிருக்கும் கிடார் பழைய பாடல்களுக்கு ஒத்துவரவில்லை என்று வேறு கிடார் தேடுபவர், முதலில் ஒரு செட் தட்டைத் தந்தியைக் கட்டி, குழு வழக்கமாகப் பிடிக்கும் பாக்ஸிலேயே வாசித்துப் பார்ப்பது செலவு குறைந்த வழி.