சின்னச் சொல்லும் பெரிய கணக்கும்

ஆங்கிலப் பேரகராதி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். நீளமான சொற்களின் கதை ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ‘செட்’, ‘ரன்’ போன்ற மூன்றெழுத்துச் சொற்களோ பத்தி பத்தியாக நீளும். 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள்! ஏன் இப்படி?

இதற்குக் கணக்குப் போட்டு விடை தேடியவர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்னும் அமெரிக்க அறிஞர். குறைந்த முயற்சிக் கோட்பாடு பற்றிய அவரது நூல் 1949-ல் வெளிவந்தது. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பேசுபவருக்குச் சுலபம். பொருளுக்கொரு தனிச்சொல் இருந்தால் கேட்பவருக்குச் சுலபம். இந்த இழுபறியில்தான் மொழி நடக்கிறது என்றார் அவர். அடிக்கடி புழங்கும் சொற்கள் குறுகியவையாக இருக்கும். அவற்றுக்குப் பொருள்களும் மிகுதி. ஒரு சொல் மற்றொன்றைவிட 100 மடங்கு அதிகமாகப் புழங்கினால் அதற்குப் பொருள்கள் ஏறத்தாழ 10 மடங்கு இருக்கும். அதாவது, பொருள்களின் எண்ணிக்கை புழக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிச் செல்கிறது.

அழகான விதிதான். ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, பொருள்களை எண்ணும் முறை. பேரகராதி நூற்றுக்கணக்கில் பிரிக்கும் பொருள்களைக் கையகராதி சிலவற்றில் அடக்கிவிடுகிறது. அப்படியானால் நாம் எண்ணுவது மொழியையா, அகராதிக்காரரின் பொறுமையையா?

இரண்டாவது, கொச்சை வழக்கு. ‘பிரெட்’ என்றால் ரொட்டி, கொச்சையில் பணம். ‘ஹாட்’ என்றால் சூடு. திருட்டுப் பொருளுக்கும் அதே சொல். ‘கிராஸ்’ என்றால் புல், கொச்சையில் கஞ்சா. பிரிட்டனிலோ போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனும் ‘கிராஸ்’தான்! பணத்துக்கு ஏற்கனவே சொல் இருக்க, இன்னொன்று எதற்கு? இங்கே மிச்சமாவது முயற்சி அல்ல. ‘நாங்கள் ஒரு கூட்டம்’ என்று காட்டவும், சில சமயம் வெளியாருக்குப் புரியாமல் பேசவுமே இச்சொற்கள் பிறக்கின்றன. நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்று வகுத்தது இதைத்தான். கேட்பவரின் வசதியை நாடும் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை.

கொச்சை வழக்கு விஞ்ஞானத்துக்கும் அந்நியமல்ல. பூச்சியைக் குறிக்கும் ‘பக்’ கணிப்பொறித் துறையில் பிழையைக் குறிக்கிறது. 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியதே காரணம் என்பார்கள். அது சரியன்று. எடிசன் 1878-லேயே கருவிகளின் கோளாறுகளை இச்சொல்லால் குறித்திருக்கிறார். பட்டறைப் பேச்சுதான் பாடநூல் வரை வந்திருக்கிறது.

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று ஜிப்ஃபின் விதி ஓரளவு சொல்லும். இந்த இடத்தில் எந்தப் பொருள் என்று சொல்லாது. ‘செல்’ என்பது உயிரியலில் உயிரணு, மின்னியலில் மின்கலம், சிறையில் கைதியின் அறை. ஆகவே வாசகர்களே, சின்ன ஆங்கிலச் சொல் ஒன்று உங்களைத் தடுக்கினால், அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சொற்களை விசாரியுங்கள்; அவை சரியான பொருளைக் காட்டிக்கொடுக்கும்.