பாண்டி பஜாரைத் தாண்டினால்

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. அதன் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், தியாகராய நகரில் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்குப் போகலாம். வண்டிகளுக்கான பங்கைச் சுருக்கி, இருபுறமும் நடப்பவர்களுக்குத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். மாலையில் பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கார் நிறுத்த இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்தை அங்கே மொய்க்கும் கூட்டமே பொய்யாக்குகிறது. இது உண்மையான சாதனை.

ஆனால் அங்கிருந்து ஒரு பக்கத்துத் தெருவுக்குள் திரும்புங்கள். பிளாட்பாரத்தின் நடுவே மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதைச் சுற்றி டூ-வீலர்கள், மிச்ச இடத்தில் ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டர். நடப்பவர் சாலையில் இறங்கியே ஆக வேண்டும். ஒரு வீதி சீரானதே தவிர, ஒரு வட்டாரம் நடக்கத் தக்கதாகவில்லை.

வட்டாரம் நடக்கத் தக்கதாகாததற்கு ஒரு காரணம் கட்டட விதிகளில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பரப்புக்கேற்ப இத்தனை வண்டி நிறுத்தம் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. கார் வாங்காத குடும்பமும் வீட்டு விலையோடு கார் நிறுத்தத்துக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறது. அடுக்குமாடியின் தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங் ஆகிவிட, தெருவைப் பார்த்திருந்த திண்ணையும் பெட்டிக்கடையும் மறைந்து, மதிலும் கேட்டும் எழுகின்றன. இரவில் தனியாக நடந்து வரும் பெண்ணுக்குத் துணையாக ஒரு கடை விளக்குகூட இல்லை. நடையை ஊக்குவிக்கும் அரசே இன்னொரு கையால் காருக்கு இடம் ஒதுக்கித் தருகிறது.

கீழே கடை, மேலே வீடு, எட்டி நடந்தால் பள்ளியும் மாம்பலம் ரயில் நிலையமும் என்ற பழைய தி. நகர் அமைப்பே, வண்டியின் தேவையைக் குறைப்பதால், காலநிலைக்கு உகந்ததுதான். புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த நகருக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு. 1920களில் லாங் டேங்க் ஏரியைத் தூர்த்து எழுந்த மண் அது. 2021 நவம்பர் மழையில் அதன் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. முழங்கால் நீரில் எவ்வளவு அகலமான நடைபாதையும் உதவாது. மழைநீருக்கு வழி விடாத திட்டத்தைக் காலநிலைத் திட்டம் என்று என்னால் ஏற்க முடியாது.

2026 முதல் 2046 வரையிலான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வேலை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) இருக்கிறது. வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது வாசகர்கள் எழுத வேண்டும்: ரயில், மெட்ரோ நிலையங்களைச் சுற்றியாவது வண்டி நிறுத்தக் கட்டாயத்தை நீக்குங்கள், தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த கடைகளுக்கு அனுமதி கொடுங்கள், நீர்வழியை மறிக்கும் கட்டடத்துக்கு எந்தப் பெயரிலும் விலக்கு அளிக்காதீர்கள்.