பாட்டு யாருடையது? காலப் பயணப் படத்தின் ஓட்டைகள் குறித்து

காலப் பயணப் படம் ஒன்று வந்தால் கூடவே ஓட்டை பிடிப்பவர்களும் வந்துவிடுகிறார்கள். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி 1985இல் வெளிவந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' அப்படி அலசப்பட்ட படம். மார்ட்டி என்கிற வெள்ளைக்காரப் பையன் 1955க்குப் போய்த் தன் அப்பா அம்மாவோடேயே பழகுகிறான். பிறகு அந்த முகத்தை அவர்கள் தம் மகனிடம் ஏன் கண்டுகொள்ளவில்லை? 1989இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிழட்டு பிஃப் 1955க்குப் போய், விளையாட்டுப் போட்டி முடிவுகள் அச்சடித்த புத்தகத்தை இளம் பிஃப்பிடம் கொடுத்து வரலாற்றையே மாத்திட்டு வர்றான். அப்புறம் எப்படி மாறாத அதே 2015க்குத் திரும்ப முடிந்தது?

இரண்டுக்கும் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒரு வாரம் பார்த்த முகம் முப்பது வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? பிஃப் விஷயத்துக்கு முதல் பாகத்தில் வரும் குடும்பப் போட்டோவைப் பார்க்கணும். அதில் அண்ணன், அக்கா என ஒவ்வொருவராக மெல்ல அழிகிறார்கள். கடந்த காலத்தில் செய்த மாற்றம் எதிர்காலத்தை உடனே எட்டுவதில்லை. குளத்தில் விழுந்த கல்லின் அலைபோல மெதுவாகத்தான் கரைக்கு வரும். அதுக்குள்ள பிஃப் வந்து இறங்கிட்டான். அவன் வலியில் துடித்து மறைந்துபோகும் காட்சியையும் எடுத்திருந்தார்கள்; பிறகு வெட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் சில்லறை ஓட்டை. என்னை உறுத்துவது வேறு.

1955 நவம்பர் 12. பள்ளிக்கூட நடன விழாவில் வாசிக்க வந்த கறுப்பர் குழுவில் கித்தார்க்காரர் மார்வின் பெர்ரிக்குக் கையில் அடி. மார்ட்டி கித்தாரை வாங்கி 'ஜானி பி. குட்' பாடுகிறான். மார்வின் ஓடிப்போய்த் தன் உறவுக்காரர் சக்குக்குப் போன் போட்டு, நீ தேடிக்கிட்டிருந்த புதுச் சத்தம் இதுதான் என்று அந்தப் பாட்டைக் கேட்கவைக்கிறார். தியேட்டர் சிரிக்கிறது. உண்மையில் அது சக் பெர்ரியின் பாட்டு. இசைத்தட்டு 1958இல் வந்தது. மார்ட்டிக்கு அது சக் பெர்ரியின் பழைய பாட்டு. சக் பெர்ரிக்கோ அது மார்ட்டியிடம் கேட்ட புதுப் பாட்டு. அப்ப அதைப் பண்ணினது யாரு? யாருமில்லை. பாட்டு அந்தரத்துல தொங்குது.

இந்த முடிச்சையும் படத்தின் விதியே அவிழ்க்கிறது. இந்தக் கதையில் கடந்த காலம் மாறக்கூடியது. மாறக்கூடியது என்றால், மார்ட்டி தலையிடாத ஒரு முதல் வரலாறு இருந்தாக வேண்டும். அந்த வரலாற்றில் பாட்டைப் பண்ணியது சக் பெர்ரி. சாட்சி வேண்டுமா? கோல்டி வில்சனைப் பாருங்கள். 1955இல் ஓட்டலில் கூட்டிப் பெருக்கும் கறுப்பு இளைஞர். நீ மேயர் ஆகப்போறவன் என்று மார்ட்டி உளறியதும், அந்த எண்ணமே அப்போதுதான் அவருக்குப் பிறப்பதுபோலக் காட்டுகிறார்கள். ஆனால் படத்தின் தொடக்கத்தில், மார்ட்டி 1955க்குப் போவதற்கு முன்பே, மேயர் வில்சனை மீண்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லி 1985இன் தெருவில் பிரச்சார வண்டி போகிறது. அவர் தானாகவே மேயர் ஆனவர். அதேபோலப் பாட்டும் சக் பெர்ரியின் விரலில் பிறந்தது.

தர்க்கத்தின் ஓட்டை அடைந்துபோச்சு. மனசின் ஓட்டை அடையவில்லை. படத்தில் மேலே வருகிற கறுப்பர்கள் இருவர். இருவருக்கும் விதை ஒரு வெள்ளைப் பையனின் வாயிலிருந்து விழுகிறது. இது தற்செயலா?

மார்ட்டி வாசிக்கும் கித்தார் மாடல் 1955இல் கிடையாது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பலர். அதைவிடப் பெரிய பிழை பக்கத்திலேயே கிடக்கிறது. சக் பெர்ரி 'மேபலீன்' பாட்டை 1955 மே மாதமே சிகாகோவில் பதிவு செய்துவிட்டார். நவம்பருக்குள் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்துவிட்டது. அவர் எந்தப் புதுச் சத்தத்தையும் போனில் தேடவேண்டிய நிலையில் இல்லை. இந்த ஓட்டையை எந்த அலைக் கணக்கும் அடைக்காது.

அந்த 'மேபலீன்' கதையைக் கேளுங்கள். பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் சக் பெர்ரியோடு இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்தார்கள். ஒருவர் ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர், இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ. இருவரும் வெள்ளையர், இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. முழு உரிமை சக் பெர்ரிக்குத் திரும்பியது 1986இல், இந்தப் படம் வந்த அடுத்த வருஷம். பாட்டைத் தூக்கிட்டுப் போக டெலோரியன் கார் வேணாம். ஒரு பேனா போதும்.

2019இல் ஸ்டெஃபான் பிரிஸ்டல் என்ற கறுப்பு இயக்குநர் 'சீ யூ யெஸ்டர்டே' எடுத்தார். புரூக்ளினில் அண்ணனைப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது. தங்கை தான் செய்த எந்திரத்தில் திரும்பத் திரும்பப் போகிறாள். ஒரு உயிரை மீட்டால் இன்னொரு உயிர் போகிறது. கடைசியில் மறுபடியும் ஓடுகிறாள். படம் அங்கேயே நிற்கிறது. முடிவில்லாத இந்த முடிவை ஓட்டை என்று நான் சொல்லமாட்டேன். மார்ட்டியால் ஒரே வாரத்தில் தன் குடும்பத்தைச் சீராக்க முடிகிறது. அவனுக்கு எதிரி ஒரு ரௌடிப் பையன் மட்டுமே. அவளுக்கு எதிரே நிற்பது அரசு. எந்த நாளுக்குப் போனாலும் துப்பாக்கி அங்கே காத்திருக்கிறது.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தமக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவில் நின்று இந்தப் படங்களைப் பார்ப்போம். கதையின் ஓட்டையை அடைக்கிற சாமர்த்தியம் நமக்கும் இருக்கட்டும். அடைத்த பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்கணும்: அந்த முதல் வரலாறு யாருடையது, அதை அழித்துத் திருப்பி எழுதியவன் யார்?