நடுவர் இருக்கையில் அமர்பவர் யார்?

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படுகிறது. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் தரும் அந்த நெடிய வாசகத்தைக் கேட்கும்போது ஒரு செய்தியை நம்மில் பலர் கவனியாது விட்டுவிடுகிறோம். தம் இச்சைக்கு இணங்காத சூசன்னாவின்மீது பழி சுமத்திய இருவரும் தெருவில் திரிந்த கயவர்கள் அல்லர். அவ்வாண்டில் மக்களுக்கு நடுவர்களாக அமர்த்தப்பட்டிருந்த முதியோர். ஆகவேதான் கூடியிருந்தோர் மறுபேச்சின்றி அவர்களை நம்பினர். தானியேலோ இளைஞன், பதவி ஏதும் இல்லாதவன். அவன் அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். பொய் உடைந்தது.

நிறுவனங்களின் சுவர்களுக்குள் சிறார்க்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராயும் பொது விசாரணைகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வரலாறு என் நினைவுக்கு வருகிறது. அவற்றின் அறிக்கைகளில் நாம் எண்ணிக்கைகளைத் தேடுகிறோம், பரிந்துரைகளைப் படிக்கிறோம். நடுவர் இருக்கையில் அமர்ந்தவர் யார், அவர் அதற்கு எவ்வாறு தகுதி பெற்றார் என்று கேட்பதில்லை. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் என அமைந்த விசாரணை இக்கேள்விக்கு நல்ல பாடமாகிறது. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அதற்கு நான்கு தலைவர்கள் அமர்த்தப்பட்டனர்.

தொலைக்காட்சிப் புகழ் ஜிம்மி சாவில் 2011இல் இறந்தார். மறு ஆண்டே அவர் பல்லாண்டுகளாகச் செய்த கொடுமைகள் வெளிவந்தன. அவர் 1990இல் புனித கிரகோரியார் பெயரிலான பாப்பிறை விருது பெற்றவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. மருத்துவமனைகளும் ஒலிபரப்பு நிறுவனமும் காவல் துறையும் எவ்வாறு கண்மூடி இருந்தன என்ற கேள்வி நாட்டை உலுக்கியது. 2014 சூலையில் உள்துறை அமைச்சர் தெரசா மே இவ்விசாரணையை அறிவித்தார்.

முதலில் அமர்த்தப்பட்டவர் எலிசபெத் பட்லர்-சிலாஸ். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. கிளீவ்லாந்து சிறார் விவகாரத்தை ஆராய்ந்து 1988இல் அறிக்கை தந்தவர். அறிவிலும் அனுபவத்திலும் அவருக்கு நிகரானவர் அரியர். எனினும், 1980களில் அரசுத் தலைமை வழக்குரைஞராக இருந்த மைக்கேல் ஹேவர்ஸ் அவருடைய உடன்பிறந்தவர். அக்கால அரசின் செயல்களும் விசாரணைக்கு உரியவை அல்லவா? ஒரு வாரத்துக்குள் அவர் விலகினார்.

அடுத்து வந்தவர் இலண்டன் மாநகர மேயராக இருந்த பியோனா வூல்ஃப். 1980களில் உள்துறை அமைச்சராக இருந்த லியோன் பிரிட்டனிடம் சிறார் கொடுமை பற்றிய கோப்பு ஒன்று தரப்பட்டிருந்தது. அது எவ்வாறு கையாளப்பட்டது என்பதும் கேள்விகளுள் ஒன்று. பிரிட்டனும் வூல்ஃபும் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள். ஒருவர் இல்லத்தில் மற்றவர் விருந்துண்டவர்கள். இத்தொடர்பை விளக்கி அவர் எழுதிய கடிதம், உள்துறை அலுவலர்களின் உதவியோடு பலமுறை திருத்தப்பட்டது என்பதும் வெளிவந்தது. 2014 அக்டோபர் 31ஆம் நாள் அவரும் விலகினார்.

இவ்விருவரும் தீயவர் அல்லர். ஓர் உணவு மேசையில் என்ன குற்றம் என்று வாசகர் கேட்கலாம். எனக்கும் ஒருகாலத்தில் அது குற்றமாகத் தோன்றியதில்லை. ஆகவே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு மாணவர் விடுதியில் சிறுவன் ஒருவன் கொடுமையாக அடிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. விசாரித்து வருமாறு என்னையும் இன்னொரு குருவையும் அனுப்பினார்கள். விடுதிப் பொறுப்பாளர் குருமடத்தில் எனக்கு ஓராண்டு மூத்தவர். அவருடைய அறையிலேயே காப்பி அருந்தினோம். பழைய நாள்களைப் பேசிச் சிரித்தோம். பின்னர் அதே அறைக்குச் சிறுவனை வரவழைத்தோம். "பயப்படாமல் சொல், தம்பி" என்றேன். அவன் மேசைமேல் இருந்த மூன்று காப்பிக் கோப்பைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒன்றுமில்லை சாமி" என்றான். போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மை வாய் திறக்க முடியாத இடத்தில் அதைக் கேட்டேன். விருந்து மேசையின் குற்றம் என்னவென்று இன்று எனக்குத் தெரியும்.

மூன்றாமவரை இங்கிலாந்து கடல் கடந்து தேடிற்று. நியூசிலாந்து நீதிபதி லோவல் கோடார்டு 2015இல் பொறுப்பேற்றார். அண்ணன் தம்பி உறவோ, அண்டை வீட்டு விருந்தோ அவருக்கு அங்கு இல்லை. ஆனால் 2016 ஆகஸ்டில் அவரும் விலகினார். குடும்பத்தைப் பிரிந்து வந்த துயரையும், விசாரணை தொடக்கம் முதல் சுமந்துவந்த தோல்விகளையும் அவர் காரணமாகக் கூறினார். தொலைவிலிருந்து வருபவர் தாமாகவே நடுநிலையாளர் ஆகிவிடுவார் என்ற எண்ணம் எத்துணை மேலோட்டமானது! உறவின்மை ஒருவேளை சந்தேகத்தைத் தீர்க்கலாம். நீண்ட பணியைத் தாங்கும் வலிமையை அது தருவதில்லை.

நான்காமவர் அலெக்சிஸ் ஜே. இவர் நீதிபதி அல்லர். ஸ்காட்லாந்தில் பல்லாண்டுகள் சமூகப் பணியாற்றியவர். ராதரம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 சிறார் சீரழிக்கப்பட்டனர் என்று 2014இல் அறிக்கை தந்தவர் இவரே. அவ்வறிக்கை யாரைக் குற்றம் சாட்டியது? காவல் துறையோடு, நகராட்சியின் சமூகப் பணித் துறையையும் குற்றம் சாட்டியது. தம் தொழிலைச் சேர்ந்தோரின் தவற்றை அவர் மூடிவைக்கவில்லை.

அவரையும் எல்லாரும் நம்பிவிடவில்லை. இலண்டனின் லாம்பெத் பகுதிக் குழந்தைகள் இல்லங்களில் துன்புற்றோரின் அமைப்பு ஒன்று, சமூகப் பணியாளர் ஒருவர் சமூகப் பணித் துறையை எப்படி விசாரிப்பார் என்று கேட்டு, 2016இல் விசாரணையிலிருந்து விலகியது. அவ்வையத்தில் வேரூன்றியிருந்த வேதனைக்கு இது இயல்பே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த லாம்பெத் அறிக்கை அந்நகராட்சியைச் சிறிதும் விட்டுவைக்கவில்லை என்பதே அவர் தந்த மறுமொழி. அதே நேரத்தில், ஆரவாரத்துக்கும் அவர் பணியவில்லை. நாடாளுமன்ற வட்டாரத்தில் கொடியவர்களின் ஒழுங்கமைந்த கூட்டம் ஒன்று இயங்கியதாக எழுந்த பேச்சுக்குச் சான்று இல்லை என 2020இல் விசாரணை கூறியது. பெரிய மனிதர்க்கு அஞ்சி அதிகாரிகள் கண்மூடியதையும் கூறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல மரத்தடிக் கேள்வியைக் கேட்கும் பொறுமை வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றிய அவர்களது அறிக்கை 2020 நவம்பரில் வெளிவந்தது. 1970க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்ட புகார்கள். அவற்றில் 3,000க்கும் மேற்பட்ட கொடுமை நிகழ்வுகள். கர்தினால் வின்சென்ட் நிக்கோல்சிடம் தனிப்பட்ட பொறுப்புணர்வும் துன்புற்றோர்பால் இரக்கமும் வெளிப்படவில்லை என அது குறை கூறிற்று. திருப்பீடம் சான்று வாக்குமூலம் தராததையும் சுட்டிற்று. படிக்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நான் தேடியது பகையை, கண்டதோ நிதானத்தை.

குறைகளும் உண்டு. ஏழு ஆண்டுகள் நீண்ட பணி. துன்புற்றோர் பலர் முதுமையில் காத்திருந்தனர். 2022 அக்டோபரில் வந்த இறுதி அறிக்கை, சிறார் கொடுமையை அறிந்தோர் அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தைப் பரிந்துரைத்தபோது, ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் விலக்கு அளிக்கவில்லை. இதை என்னால் ஏற்க இயலாது. அருட்சாதன முத்திரை மீறத்தகாதது; குருவாகிய நான் அதற்கு உயிருள்ளவரை கட்டுப்பட்டவன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு பரிந்துரையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மற்றவை அனைத்தையும் ஒதுக்கிவிடும் குரல்களை நான் கேட்டிருக்கிறேன். அறிக்கை பேசும் மறைப்புகளில் பெரும்பாலானவை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நிகழவில்லை. அலுவலகக் கோப்புகளிலும் மாற்றல் ஆணைகளிலும் நிகழ்ந்தன. அவற்றுக்கு எந்த முத்திரையும் கிடையாது.

வீட்டுக்குள்ளிருந்தே நடுவர் வர முடியுமா? பிரான்சு நாடு ஒரு விடை தருகிறது. அந்நாட்டு ஆயர்கள் 2018இல் ஓர் ஆணையத்தை வேண்டி, நாட்டின் உச்ச நிர்வாக மன்றத்தின் துணைத் தலைவராக இருந்த ழான்-மார்க் சோவேயிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். உறுப்பினர்களை அவரே தெரிந்தெடுத்தார். ஒரு குருவையும் சேர்க்கவில்லை. நம்பிக்கை உள்ளோரும் இல்லாதோரும் அமர்ந்தனர். துன்புற்றோரை நேரில் கேட்பதைப் பணியின் நடுவில் வைத்தார். 2021 அக்டோபர் 5ஆம் நாள் வந்த அறிக்கை, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் சீரழிக்கப்பட்ட சிறாரின் எண்ணிக்கையை 2,16,000 என மதிப்பிட்டது. தாம் நேசிக்கும் அன்னையைப் பற்றி இதை எழுத அவர் கை நடுங்கியிராதா? எனினும் எழுதினார்.

பட்லர்-சிலாசுக்கு ஞானம் இருந்தது. கோடார்டுக்குத் தொலைவு இருந்தது. இவை போதவில்லை. அலெக்சிஸ் ஜேயும் சோவேயும் தாம் சார்ந்த வீட்டின்மீதே விளக்கை ஏந்தத் துணிந்தார்கள். துன்புற்றோரின் சந்தேகத்தைக் கூடத் தாங்கிக்கொண்டார்கள். நடுவர்க்குரிய தகுதி இதுவே என்பது என் முடிவு.

பொதுநிலையினராகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் பங்கிலோ பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தையின் புகார் எழுமானால், விசாரிக்க வருபவர் எங்கே காப்பி அருந்துகிறார் என்று கேளுங்கள். எங்களை நம்பாமல் கேளுங்கள். அது அவமரியாதை அன்று. அன்று என் முன் நின்ற சிறுவனுக்காக அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.